சுத்தம் செய்த கோப்பு

"வீட்டுக்காரர் லெட்டர் எங்கம்மா?" என்று கேட்டார் விஜயராணி.

கல்லூரி அலுவலகத்தில் மாணவர் பிரிவு ஜன்னல். உள்ளே விஜயராணி, ஒரு கணினி, ஒரு மேசை விசிறி. வெளியே மூன்று பேர். படிப்பைப் பாதியில் விட்டு, இப்போது திரும்பச் சேர வந்திருக்கும் அல்ஷிஃபா. அவள் அம்மா கமர் ஜஹான். பாலக்கரையில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டு ரிஃபானா. ரிஃபானா இதே கல்லூரியில் பிசினஸ் அனலிடிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். துணைக்கு வந்திருந்தாள்.

"அவங்க அத்தா சவுதில இருக்காரு மேடம். நான்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார் கமர் ஜஹான்.

"அப்பா இல்லம்மா. பொண்ணோட வீட்டுக்காரர்."

கமர் ஜஹான் மகளைப் பார்த்தார். மகள் ரிஃபானாவைப் பார்த்தாள்.

"என் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலங்க."

"சிஸ்டத்துல ஆயிருக்கு."

"எப்ப?"

விஜயராணி திரையைப் பார்த்தார். "தேதி இல்ல. நின்ன காரணம், திருமணம். அப்படி நின்னவங்க திரும்ப சேரணும்னா கணவர் சம்மதக் கடிதம் வேணும். காலேஜ் ரூல்."

"பரவால்லையே. நிக்காஹ்வ நீங்களே முடிச்சிட்டீங்க. மஹர் பணம் எவ்வளவு பேசினீங்க? பிரியாணிக்கு எங்களக் கூப்பிடவே இல்லையே?" என்றார் கமர் ஜஹான்.

பின்னால் நின்ற பையன் ஒருவன் சிரித்தான். விஜயராணி சிரிக்கவில்லை.

"என்கிட்ட கோவப்பட்டு என்னம்மா ஆகப் போகுது? வர்றதத்தான் நான் சொல்றேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். யூனிவர்சிட்டிக்கு லிஸ்ட் போயிடும். இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான். பேரையே எடுத்துடுவாங்க."

"தப்பா இருக்குங்க. மாத்துங்க."

"நான் எப்படி மாத்தறது? அது அனலிடிக்ஸ் டிபார்ட்மென்ட்ல இருந்து வர்றது. அவங்க சுத்தம் பண்ணி அனுப்பின ஃபைல்." விஜயராணி ரிஃபானாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். "நீ அந்த டிபார்ட்மென்ட்தானே?"

ரிஃபானா அட்டையைக் கைக்குள் மூடினாள். வாயில் எச்சில் ஊறியது. துப்ப இடம் இல்லை. விழுங்கினாள்.

*

அல்ஷிஃபா ஏன் நின்றாள் என்று ரிஃபானாவுக்குத் தெரியும்.

கல்லூரி ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர் தாண்டி இருந்தது. ஒரு பக்கம் கொள்ளிடம். ஒரு பக்கம் காவிரி. ஜூலையில் காவிரி கரை தொட்டு ஓடியது. பெண்கள் கழிவறையில் தண்ணீர் வராது. மோட்டார் ரிப்பேர் என்றார்கள். பிறகு தொட்டியில் விரிசல் என்றார்கள். பிறகு எதுவும் சொல்லவில்லை.

உள்ளே மூன்று அறைகள். ஒன்றுக்குக் கதவு இல்லை. ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மூன்றாவதில் நேற்று போனவளுடையது அப்படியே கிடக்கும். தரை எப்போதும் ஈரம். அது தண்ணீரின் ஈரம் அல்ல. மூலையில் சுருட்டி எறிந்த நாப்கின்கள், அவற்றின் மேல் ஈ. இரண்டு வகுப்பறை தள்ளி வரும்போதே துப்பட்டா மூக்குக்குப் போய்விடும்.

அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. முதல் மாதத்திலேயே பழகிவிடும். காலையில் நிரப்பிய பாட்டில் மாலையில் நிரம்பியபடியே வீடு திரும்பும்.

அல்ஷிஃபாவுக்கு இன்னொன்றும் இருந்தது. தண்ணீர் இல்லாமல் போய்விட்டு வந்தால் உடம்பு நஜீஸ். அந்த அசுத்தத்தோடு தொழ முடியாது. உட்காரவும் அவளால் முடியாது. "நஜீஸோட எப்படிடி கிளாஸ்ல உக்கார்றது?" என்பாள். அடக்கினாள். இரண்டாம் ஆண்டு தொடங்கி சில வாரங்களில் காய்ச்சல் வந்தது. பிறகு இடுப்பில் வலி. பிறகு சிறுநீரில் ரத்தம். கிருமி சிறுநீரகம் வரை போய்விட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி, ஊசி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. வருகைப்பதிவு குறைந்தது. தேர்வு எழுத விடவில்லை. நின்றுவிட்டாள்.

ஏன் வரவில்லை என்று கல்லூரியிலிருந்து ஒரு ஃபோன்கூட வரவில்லை.

*

மதியம் ரிஃபானா அனலிடிக்ஸ் லேபுக்குப் போனாள். ஏசி அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். தரையில் முகம் தெரியும்.

அந்தக் கோப்பு அவள் செய்தது.

வியாழக்கிழமை அங்கீகாரக் குழு வருகிறது. கல்லூரிக்குத் தரம் போடும் குழு. அவர்களுக்குக் காட்ட, எண்களைப் பட்டைப் படமாக்கும் ஒரு டாஷ்போர்டு வேண்டும் என்று துறைத் தலைவர் ஜெயக்குமார் மூன்றாம் ஆண்டுக்கு புராஜெக்ட் கொடுத்திருந்தார். மாணவர்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்பது தலைப்பு. அலுவலகத்திலிருந்து பழைய பதிவுகள் வந்தன. பெயர் இல்லை. பதிவெண், ஆணா பெண்ணா, மதம், ஊர், நின்ற காரணம். காரணத்தின் கீழே பெரும்பாலும் காலிக் கட்டங்கள்.

"காலியா விட்டா குழு கேள்வி கேக்கும். டேட்டாவ சுத்தம் பண்ணுங்க" என்றார் ஜெயக்குமார்.

சுத்தம் செய்யப் பாடத்தில் ஒரு வழி இருந்தது. காலிக் கட்டத்தில், அதே வகை ஆட்கள் அதிகம் சொன்ன விடையைப் போட்டு நிரப்புவது. போன வருடம் அவர்தான் நடத்தினார். "திருச்சில பத்துப் பேர்ல ஏழு பேர் காபின்னா, வாயத் தொறக்காதவனுக்கும் காபிதான். அவன் டீக்கு அழுதா நமக்கென்ன?" வகுப்பு சிரித்தது. ரிஃபானாவும் சிரித்தாள். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண் வாங்கினாள்.

புராஜெக்டில் அதை ஒரே வரிக் கட்டளையாக எழுதினாள். வகை என்பதற்குப் பால், மதம், ஊர் மூன்றையும் கொடுத்தாள். கட்டங்கள் நிரம்பின. ஜெயக்குமார் அந்தக் கோப்பை அலுவலகத்தின் கணினியோடு இணைத்தார். லேபில் ஓட்டினால் அங்கேயும் மாறிவிடும். அவருக்கு அதில் பெருமை.

இப்போது அல்ஷிஃபாவின் பதிவெண்ணைத் தேடினாள். முதலாண்டில் அவளுக்கு ரிசல்ட் பார்த்துச் சொன்னது ரிஃபானாதான். எண் மனப்பாடம்.

பெண். இஸ்லாம். திருச்சி. திருமணம்.

சுத்தம் செய்வதற்கு முந்தைய கோப்பைத் திறந்தாள்.

பெண். இஸ்லாம். திருச்சி. பிறகு ஒன்றுமில்லை.

திருச்சி முஸ்லிம் பெண்களில் காரணம் எழுதப்பட்டிருந்தது மூன்று பேருக்கு. மூவரும் கல்யாணம் ஆகி நின்றவர்கள். அந்த மூவரை வைத்து மற்ற எல்லாருக்கும் கல்யாணம் முடிந்திருந்தது.

பக்கத்து இருக்கையிலிருந்து பாசில் எட்டிப் பார்த்தான். புராஜெக்டில் அவளோடு இருப்பவன். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"ஒரே என்டர்ல எத்தன நிக்காஹ்! நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத் ஆயுசுக்கும் இவ்வளவு முடிச்சிருக்க மாட்டாரு."

"வாய மூடு."

"மாப்பிள்ளை மட்டும்தான் குறையுது."

"நாளைக்கு நான் நின்னா எனக்கும் இதத்தான் போடும், பாசில்."

"போடட்டுமே. உனக்கும் ஒரு வழி பொறந்த மாதிரி ஆச்சு." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சரி, சரி. சார்கிட்ட போய்ச் சொல்லு. ஒரு கட்டம்தானே."

*

ஜெயக்குமாரின் அறையோடு சேர்ந்து ஒரு கழிவறை இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நீல வாளி. குழாயிலிருந்து தண்ணீர் விழுந்து, வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து மூடவில்லை.

"ஒண்ண மாத்தினா மத்ததெல்லாம் சரியான்னு கேப்பாங்க."

"எல்லாத்தையும் மாத்தணும் சார்."

"என்னன்னு?"

"காலியா இருந்தது காலியாவே இருக்கட்டும்."

"காலின்னா என்ன அர்த்தம்? நாம கேக்கலன்னு அர்த்தம்."

"நாம கேக்கல சார்."

ஜெயக்குமார் புன்னகைத்தார். "நீ எமோஷனலா பாக்கறம்மா. மெத்தட் கரெக்ட். புக்ல இருக்கு. ஒருத்தர் ரெண்டு பேர் தப்பா விழுவாங்க. அதுக்குப் பேருதான் எர்ரர். உங்க கம்யூனிட்டில பொதுவா அதானே காரணம்? மனசத் தொட்டுச் சொல்லு."

"அவ நின்னது பாத்ரூம்ல தண்ணி இல்லாததால."

அவர் முகம் சுளித்தது. அந்தச் சொல் அறைக்குள் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அதெல்லாம் இங்க வந்து பேசற விஷயமா? ஒரு பொம்பளப் புள்ள."

ரிஃபானா வாளியைப் பார்த்தாள்.

"இங்க பாரு. அந்தப் பொண்ணு ஒரு லெட்டர் கொண்டு வரட்டும். சொந்தத்துல எவனாவது ஒருத்தன் கையெழுத்துப் போட மாட்டானா? ஆபீஸ்ல யாரும் மேரேஜ் சர்டிபிகேட் கேக்கப் போறதில்ல. பிராக்டிகலா இரு. வியாழக்கிழமை நீதான் பிரசன்ட் பண்ற. ஃபைலத் தொடாத. இன்டர்னல் மார்க் யாரு போடறாங்கன்னு உனக்குத் தெரியும்."

தண்ணீர் கழிவறை வாசல் வரை வந்துவிட்டது. அவர் காலைத் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டார்.

*

அன்று மாலையே கடிதத்துக்கு ஆள் தயாராக இருந்தான். ஹாலித். கமர் ஜஹானின் அண்ணன் காஜா மைதீனின் மகன். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். ரிஃபானா அல்ஷிஃபா வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பாவும் மகனும் கூடத்தில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தார்கள்.

"நான் ரெடி மாமி. ஒரு கையெழுத்துதானே. எங்க போடணும்?" ஹாலித் பேனாவை எடுத்தான். விரல்களில் எண்ணெய் மின்னியது. பேனாவும் மின்னியது.

"பொய்யா எதுக்கு எழுதணும் கமரு?" என்றார் காஜா மைதீன். "மெய்யாவே முடிச்சிடலாமே. இவன் லீவு அடுத்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கு. காலேஜ்காரனே போட்டுட்டான், நாம போடறதுக்கு என்ன?"

"அவ படிக்கணும்ங்கறா அண்ணே."

"படிக்கட்டும். யாரு வேணாங்கறா? அதான் சம்மதக் கடிதம் கொடுக்கறானே. புருஷன் சம்மதத்தோட படிக்கிறது எவ்வளவு மரியாதை."

"கொடுக்கறேன் அத்தா. எத்தன வேணும்னாலும் கொடுக்கறேன்" என்றான் ஹாலித். அப்பா சிரித்தார். அவனும் சிரிக்க, பல்லிடுக்கில் வெங்காயம் தெரிந்தது.

கமர் ஜஹான் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. காலையில் ஜன்னலில் இருந்த வாய் இப்போது இல்லை.

அல்ஷிஃபா அடுப்படியில் நின்றாள். ரிஃபானா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அந்தக் கையப் பாத்தியா?" என்றாள் அல்ஷிஃபா. "அந்தக் கையாலதான் என் பேருக்குப் பக்கத்துல எழுதுவான்."

"லெட்டர் மட்டும்னா…"

"லெட்டர்ல புருஷன் ஆனவன் வீட்டுல ஆக எவ்வளவு நேரம்டி? அத்தாகிட்ட மாமா ஃபோன்ல பேசிட்டாரு. 'காலேஜ்லயே அப்படித்தான் இருக்காமே'ங்கறாரு அத்தா. காலேஜ்ல தப்பா எழுத மாட்டாங்களாம்." அவள் அடுப்பு மேடையை ஒரு துணியால் துடைத்தாள். மேடை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "யாருடி அத எழுதினது?"

"நான்தான்."

துணி நின்றது.

"பேரு எதுவும் இல்லடி. வெறும் நம்பர். மொத்தமா ஒரே வரில…"

"என் நம்பர் உனக்குத் தெரியும்."

ரிஃபானா துணியை வாங்கக் கை நீட்டினாள். அல்ஷிஃபா கொடுக்கவில்லை.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ. இந்தப் பக்கம் நான். ஏன் நின்னேன்னு என்னக் கேக்க வேணாம். உனக்கே தெரியும். அப்புறமும் கல்யாணம்னு போட்டிருக்க." அல்ஷிஃபா ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து முழுவதும் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள அத எடு. இல்லன்னா நான் அந்தக் கையோட குவைத் போகணும்."

*

புதன்கிழமை கல்லூரிக்குப் பூந்தொட்டிகள் வந்து இறங்கின. முதல் மாடியில் ஒரு கழிவறைக்குப் புதுக் கதவு போட்டார்கள். புதுக் குழாய். லாரித் தண்ணீர் ஏற்றினார்கள். வெளியே 'விருந்தினர்' என்று பலகை. மாணவிகள் போய்விடாமல் பூட்டு.

பெண்கள் கழிவறையை ஒரு பேனரால் மறைத்தார்கள். கூரையிலிருந்து தரை வரை. பேனரில் ஒரு மாணவி கணினி முன் உட்கார்ந்து சிரித்தாள். அவள் தலைக்கு மேல், 'தரவே நாளைய வெளிச்சம்'. உள்ளே பாச்சை உருண்டைகளை அள்ளி வீசியிருந்தார்கள். பேனரின் பின்னாலிருந்து மூத்திரமும் பாச்சை உருண்டையும் கலந்த வாடை வந்தது. தனி மூத்திர வாடையே தேவலை.

வியாழக்கிழமை காலை, குழு வருவதற்கு முன்பே, ரிஃபானா லேபில் உட்கார்ந்திருந்தாள். பாசிலும் இருந்தான். அவள் தான் எழுதிய வரியை அழித்தாள்.

"காலியா விட்டா சார்ட்ல வராது. தெரியும்ல?" என்றான் பாசில்.

"வரவெக்கப் போறேன்."

காலிக் கட்டங்களில் எல்லாம் ஒரு சொல் விழும்படி எழுதினாள்: கேட்கப்படவில்லை.

பாசில் படித்தான். "உன் மார்க் போகும்."

"போகட்டும்."

"என் மார்க்கும் போகும்."

அதை அவள் யோசித்திருக்கவில்லை. "நீ வெளிய போ. எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லிடு."

அவன் பையை எடுத்துக்கொண்டான். "நான் பாத்ரூம் போயிட்டு வரேன். எங்க பக்கம் தண்ணி வருது." போய்விட்டான்.

அவள் என்டரைத் தட்டினாள்.

*

குழுவில் மூன்று பேர். தலைவர் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசினார். ஒரு பெண் பேராசிரியர், பட்டுப் புடவையில். மூன்றாமவர் முந்திரி தின்றுகொண்டிருந்தார். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது.

ரிஃபானா திரையில் சார்ட்டைப் போட்டாள். திருமணம், வேலை, பணம், உடல்நிலை. எல்லாம் புல்லளவு உயரம். ஐந்தாவது பட்டை மட்டும் திரையின் உச்சி வரை நின்றது.

ஜெயக்குமாரின் பேனா நின்றது.

"அந்தப் பெரியது என்ன?" என்று கேட்டார் தலைவர்.

"கேட்கப்படவில்லை, சார்."

"என்றால்?"

"நின்றவர்களிடம் காரணத்தை யாரும் கேட்கவில்லை."

ஜெயக்குமார் எழுந்தார். "அவர்கள் பெரும்பாலும் திருமணம், சார். குறிப்பாக டவுனிலிருந்து வரும் மாணவிகள். அந்தச் சமூகத்தின் வழக்கம். நாங்கள் விழிப்புணர்வு முகாம் நடத்துகிறோம்." தலைவர் தலையசைத்தார். அவருக்குத் தெரிந்த விடை அது.

"ஒருத்தியிடம் நான் கேட்டேன்" என்றாள் ரிஃபானா. "பெண்கள் கழிவறையில் தண்ணீர் இல்லை என்றாள். அடக்கி அடக்கி சிறுநீரகத்தில் நோய் வந்து நின்றாள்."

முந்திரி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பெண் பேராசிரியர் முன்னால் குனிந்தார். அவர் எதையோ சொல்லப் போகிறார் என்று ரிஃபானா நினைத்தாள். அவர் ஒரு பெண். அவர் குடித்து முடித்த தண்ணீர் பாட்டில் மேசையில் இருந்தது.

"நான் இப்போதுதான் போய்விட்டு வந்தேனே" என்றார் அவர். "மிகவும் சுத்தமாக இருந்தது."

"அது வேறு, மேடம். பேனருக்குப் பின்னால்…"

"கட்டட வசதிகள் நாளைய அமர்வில் வருகின்றன" என்றார் தலைவர். தாளில் ஒரு கோடு போட்டார். "ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று காட்டியிருக்கிறீர்கள். நேர்மையான தரவு. நல்ல நடைமுறை." ஜெயக்குமாரின் பக்கம் திரும்பினார். "வாழ்த்துகள், புரொஃபசர்."

ஜெயக்குமார் ஒரு கணம் விழித்தார். பிறகு கைகூப்பினார். "எங்கள் துறையின் கொள்கை, சார்."

சாப்பிடப் போனார்கள். போகும் வழியில் பேனர் இருந்தது. மூன்று பேரும் அதைக் கடந்தார்கள். பட்டுப் புடவைக்காரர் மட்டும் முந்தானையை எடுத்து மூக்கருகே வைத்தார். நடையை நிறுத்தவில்லை.

*

குழு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கமர் ஜஹானும் அல்ஷிஃபாவும் ஜன்னலில் நின்றார்கள். ரிஃபானா ஃபோன் செய்து வரச் சொல்லியிருந்தாள்.

விஜயராணி எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கேட்கப்படவில்லைன்னு வருது. யாரு இப்படிப் போட்டது?"

"அதான் இப்ப வந்திருக்கோமே. கேளுங்க" என்றார் கமர் ஜஹான்.

விஜயராணி அல்ஷிஃபாவைப் பார்த்தார். "எதுக்கும்மா நின்ன?"

அல்ஷிஃபா ஜன்னலுக்கு அருகே குனிந்தாள். "பாத்ரூம்ல தண்ணி இல்ல மேடம்."

விஜயராணி பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் அதேதான். நான் மதியம் சாப்பிட்டதும் தண்ணி குடிக்கிறதில்ல." பிறகு குரலைப் பழையபடி ஆக்கினார். "ஆனா அது லிஸ்ட்ல இல்ல. உடம்பு சரியில்லன்னு போடறேன். டாக்டர் சீட்டு இருக்கா?"

இருந்தது. முத்திரை விழுந்தது.

"வீட்டுக்காரர் லெட்டர் வேணாமா?" என்று கேட்டார் கமர் ஜஹான்.

"வேணாம்மா. கல்யாணம் கேன்சல்."

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு தலாக் இவ்வளவு சுலபமா நான் பாத்ததே இல்ல."

இந்த முறை விஜயராணி சிரித்தார்.

விஷயம் தெரிந்து வீட்டில் காஜா மைதீனுக்குக் கோபம். அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாலித் அந்தப் பேனாவை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அல்ஷிஃபா அதை ஒரு காகிதத்தால் பிடித்து எடுத்துக் குப்பையில் போட்டாள்.

*

அல்ஷிஃபா திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தாள். இரண்டாம் ஆண்டு, புது முகங்கள். அன்று காலை புராஜெக்ட் மதிப்பெண்ணை ஒட்டியிருந்தார்கள். ரிஃபானாவுக்குத் தேர்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பாசிலுக்கு அதைவிட நிறைய. கல்லூரி இணையதளத்தில் ஐந்து பட்டைகளின் படம் வந்திருந்தது. பக்கத்தில் ஜெயக்குமார், கோட்டுடன். 'நேர்மையான தரவு: எங்கள் முன்முயற்சி.'

பூந்தொட்டிகளை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. விருந்தினர் கழிவறையில் பூட்டு தொங்கியது. உள்ளே புதுக் குழாய் சரியாக மூடப்படவில்லை. கதவில் காது வைத்தால் சொட்டுச் சத்தம் கேட்கும். பேனரை யாரும் கழற்றவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று உத்தரவாம்.

மதியம் இருவரும் வராந்தாவில் சாப்பிட்டார்கள். அல்ஷிஃபாவின் பையில் இரண்டு பாட்டில்கள்.

"எதுக்குடி ரெண்டு?"

"ஒண்ணு குடிக்க. ஒண்ணு அதுக்கு."

முதல் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடித்தாள். பாதியில் நிறுத்தவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி "ஐயோ" என்றாள்.

மணி அடிப்பதற்கு முன் அல்ஷிஃபா இரண்டாவது பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ரிஃபானாவும் எழுந்தாள். சிரிக்கும் பெண்ணின் ஓரத்தைத் தூக்கி இருவரும் பேனருக்குப் பின்னால் போனார்கள்.

வெளிச்சம் குறைந்தது. வாடை தொண்டைக்குள் இறங்கியது. பாச்சை உருண்டைகள் ஈரத்தில் கரைந்து வெள்ளையாக வழிந்திருந்தன. ஈக்கள் எழுந்து மறுபடி உட்கார்ந்தன. அல்ஷிஃபா சல்வாரை முழங்கால் வரை சுருட்டிப் பிடித்தாள். தாழ்ப்பாள் இல்லாத அறைக்குள் போனாள்.

"கதவப் பிடிச்சுக்கோ. விட்டுடாத."

ரிஃபானா ஒரு கையால் துப்பட்டாவை மூக்கில் அழுத்தினாள். மறு கையால் கதவைப் பிடித்தாள். கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அதற்குள் விரலை விட வேண்டியிருந்தது. விளிம்பில் ஏதோ பிசுபிசுத்தது. விரலை எடுக்கவில்லை.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பாட்டில் சின்னது. சத்தம் சீக்கிரம் நின்றுவிட்டது.